ஆடு புகுந்த ஊர்

நாம் ஓர் ஆடாக மாறி விளையாடும் கோட் சிமுலேட்டர் என்ற வீடியோ கேமைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாக உண்டு. அதை விளையாடியவர்களிடம் பேச்செடுத்தால், "அது சும்மா சிரிப்புக்கு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறார்கள். சிரிப்பு அப்படிச் சும்மா வந்துவிடுவதில்லை. பலமுறை பார்த்த பிறகும் ஒரு கேம் நம்மை வாய்விட்டுச் சிரிக்க வைக்கிறது என்றால், அதற்குள் யாரோ எதையோ கவனமாகச் செய்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். பெரும் பொருட்செலவில், தேர்ந்த எழுத்தாளர்கள் வசனம் எழுதி, நடிகர்கள் குரல் கொடுத்த நகைச்சுவைக் கேம்கள் பலவற்றை நான் விளையாடியிருக்கிறேன். அவற்றின் சிரிப்பு இரண்டாம் முறை பாதியாகிறது, மூன்றாம் முறை தீர்ந்துபோகிறது. இந்த ஆட்டின் சிரிப்பு மட்டும் ஏன் தீராமல் இருக்கிறது என்ற கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பிறப்புக் கதை. ஸ்வீடனில் ஷோவ்டே என்ற சிறு நகரின் பல்கலைக்கழகத்தில் படித்த மாணவர்கள் சிலர் 2010இல் காஃபி ஸ்டெயின் ஸ்டுடியோஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். எதிரிகள் வரும் வழியில் கோபுரங்களைக் கட்டித் தடுக்கும் சாங்டம் என்ற கேமும், அதன் இரண்டாம் பாகமும் அவர்களுக்கு ஓரளவு பெயர் வாங்கிக் கொடுத்தன. அந்த வேலை முடிந்தபின், 2014 ஜனவரியில், புதிய யோசனைகளைச் சோதித்துப் பார்ப்பதற்காகத் தங்களுக்குள்ளேயே ஒரு கேம் ஜாம், அதாவது குறுகிய காலத்தில் சிறு கேம்களைச் செய்து பார்க்கும் நிகழ்வு, நடத்தினார்கள். ஆடு அங்கேதான் வந்தது. முட்டிக்கொண்டும் உருண்டுகொண்டும் ஓர் ஊரையே கலைக்கும் ஓர் ஆட்டின் சோதனைக் காட்சியை யூடியூபில் ஏற்றியபோது, அவர்கள் எதிர்பாராத அளவுக்குக் கூட்டம் சேர்ந்தது. இதை முழு கேமாகச் செய்து தாருங்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேட்டார்கள். இந்த இடத்தில் அந்தக் குழு எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். வரவேற்பைக் கண்டு மயங்கி, இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு மாபெரும் கேம் ஒன்றைச் செய்ய அவர்கள் முனையவில்லை. சில வாரங்களிலேயே வேலையை முடித்து, 2014 ஏப்ரல் 1ஆம் தேதி, முட்டாள்கள் தினத்தன்று, ஸ்டீம் என்ற இணைய விற்பனைத் தளத்தில் வெளியிட்டுவிட்டார்கள். விலை 10 டாலர். விற்பனைப் பக்கத்தில், இது சிறியது, உடைந்தது, அசட்டுத்தனமானது என்று தாங்களே எழுதி வைத்தார்கள். இந்தப் பணத்துக்கு வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளலாம், நண்பர்களோடு காசு சேர்த்து நிஜ ஆடே கூட வாங்கலாம் என்று வாங்க வந்தவருக்கே யோசனையும் சொன்னார்கள். 2015 தொடக்கத்துக்குள், எல்லாக் கருவிகளையும் சேர்த்து, ஏறத்தாழ 25 லட்சம் பிரதிகள் விற்றன.

அந்தப் பக்கத்தில் இன்னொரு வாக்குறுதியும் இருந்தது. கேமை நிறுத்திவிடும் பிழைகளை மட்டும் சரிசெய்வோம், மற்றவை சிரிப்பாக இருப்பதால் அப்படியே விட்டுவைப்போம் என்பது அது. மென்பொருள் துறையில் வேலை செய்கிறவர்களுக்கு இதன் கனம் உடனே புரியும். பிழை என்றால் திருத்த வேண்டியது, ஒளிக்க வேண்டியது, மன்னிப்புக் கேட்க வேண்டியது. இந்தக் குழு ஒவ்வொரு பிழையையும் எடுத்துப் பார்த்து, இது வேலையைக் கெடுக்கிறதா, சிரிப்பைக் கொடுக்கிறதா என்று தரம் பிரித்தது. அப்படித் தரம் பிரிப்பதற்கு நல்ல காது வேண்டும். சிரிப்பு எங்கே பிறக்கிறது என்று தெரிந்தவர்களால்தான் அது முடியும்.

கேம் தொடங்கும்போது, கோட்வில் என்ற ஊரின் ஓரத்தில், வேலியடைத்த ஒரு பட்டியில் நம் ஆடு நிற்கிறது. அதற்குப் பில்கோர் என்று பெயர். யாரும் வந்து கதை சொல்வதில்லை. கொள்ளை போன மகுடமோ, கடத்தப்பட்ட மகளோ, காப்பாற்ற வேண்டிய உலகமோ இல்லை. ஆட்டால் நடக்க முடியும், ஓட முடியும், குதிக்க முடியும், தலையால் முட்ட முடியும், பின்னங்காலால் உதைக்க முடியும், கத்த முடியும். நாக்கை நீட்டி ஒரு பொருளை நக்கினால் அந்தப் பொருள் நாக்கோடு ஒட்டிக்கொள்ளும். ஆடு போகும் இடமெல்லாம் அது இழுபட்டு வரும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஆட்டின் உடல் முழுவதும் தளர்ந்து, எலும்பற்ற சதைபோலச் சரிந்து விழும். இதற்குக் கேம் துறையில் ராக்டால் என்று பெயர். வழக்கமான கேம்களில் பாத்திரம் இறந்த பிறகுதான் அது வரும். இங்கே உயிரோடு இருக்கும்போதே, வேண்டும் என்கிறபோதெல்லாம், நாமே வரவழைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுதான் கருவிகள். இவற்றை வைத்துக்கொண்டு என்ன நிகழ்கிறது என்பதை ஒரு சிறு சம்பவத்தின் மூலம் காட்டுகிறேன். ஒருநாள் இரவு, வீட்டின் பின்பக்கம் இருந்த ஒரு பொருளை நக்கி இழுத்துக்கொண்டு சாலைக்கு வந்தேன். சாலையின் நடுவே ஒரு மனிதர் நடந்து போய்க்கொண்டிருந்தார். நான் இழுத்து வந்த பொருள் வளைவில் வீசப்பட்டு அவர் காலைத் தட்டியது. அவர் அப்படியே மடங்கி விழுந்தார். திரும்பிப் பார்ப்பதற்குள் எதிரே வந்த லாரி என்னை முட்டியது. ஆடு எகிறியது. நாக்கில் ஒட்டியிருந்த பொருளும் கூடவே எகிறி, ஆட்டையும் சுழற்றிக்கொண்டு, பெட்ரோல் பங்கின் மேல் போய் விழுந்தது. பங்க் வெடித்தது. வெடித்த வேகத்தில் ஆடு இரண்டாம் முறையாக வானத்துக்குப் போனது. இந்தமுறை கழுத்து ஒரு திசையிலும் உடல் இன்னொரு திசையிலும் இழுபட்டது. திரையின் ஓரத்தில், நான் செய்த சாதனைகளின் பெயர்களும் மதிப்பெண்களும் ஒன்றன்பின் ஒன்றாக, மிக ஒழுங்காக, கூட்டல் பெருக்கலோடு வந்துகொண்டே இருந்தன. கடைசியில் ஆடு ஒரு வீட்டுக் கூரையில் தொப்பென்று விழுந்து, எழுந்து, நான்கு கால்களையும் ஊன்றி நின்றது. நான் கத்தும் பொத்தானை அழுத்தினேன். அது கத்தியது.

இந்தத் தொடரில் எந்த ஒரு நிகழ்வையும் யாரும் எழுதி வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லாரி தன் வழியில் வந்தது. பங்க், இவ்வளவு வேகத்தில் ஏதாவது மோதினால் வெடிக்க வேண்டும் என்ற விதிப்படி வெடித்தது. ஆட்டின் உடலும் கழுத்தும், அன்ரியல் எஞ்சின் 3 என்ற மென்பொருளுக்குள் இயங்கும் இயற்பியல் கணக்குகளின்படி, நொடிக்குப் பலமுறை கணக்கிடப்பட்டுத்தான் அப்படி இழுபட்டன. விசை, நிறை, உராய்வு, மூட்டுகளின் எல்லை என எதிலும் ஏமாற்று கிடையாது. அபத்தம் என்றால் விதியில்லாத குழப்பம் என்று பலர் நினைக்கிறார்கள். விதியில்லாத இடத்தில் எது நடந்தாலும் ஒன்றுதான். அங்கே வியப்பதற்கு ஒன்றுமில்லை, ஆகவே சிரிப்பதற்கும் ஒன்றுமில்லை. கோட்வில்லில் விதிகள் இருக்கின்றன, அவை யாருக்காகவும் வளைவதில்லை, தங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை முட்டாள்தனமானது என்று அவற்றுக்குத் தெரிவதும் இல்லை. கடமை தவறாத ஒரு குமாஸ்தாவிடம் பொருளில்லாத ஒரு மனுவைக் கொடுத்தால், அவர் அதையும் முறைப்படி பதிவுசெய்து, எண் போட்டு, முத்திரை குத்தி அனுப்பிவைப்பார் அல்லவா, அந்தச் சிரத்தையோடுதான் இந்தக் கேம் ஆட்டின் ஒவ்வொரு முட்டலையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

மதிப்பெண் முறையும் இதே சிரத்தையிலிருந்து வந்ததுதான். பழைய ஸ்கேட்போர்டு கேம்களைத் தங்களுக்கு முன்னோடியாகத் தயாரிப்பாளர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கேம்களில், அந்தரத்தில் ஒரு வித்தையோடு இன்னொரு வித்தையைக் கோத்தால் மதிப்பெண் பெருகும். திறமைக்கான அந்தக் கௌரவமான அளவுகோலை அப்படியே எடுத்து, வேலியை உடைத்ததற்கும், லாரியில் அடிபட்டதற்கும், ஒருவரை நக்கியதற்கும் இங்கே பொருத்திவிட்டார்கள். அளவுகோல் மாறவில்லை, அளக்கப்படும் பொருள்தான் மாறியது. அதனால்தான் அந்த எண்கள் திரையில் ஏறும்போது சிரிப்பும் வருகிறது, இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டும் என்ற ஆசையும் உண்மையாகவே வருகிறது.

இந்த முகம் மாறாத தன்மைக்கு எனக்கு மிகப் பிடித்த சான்று வேறொன்று. ஊரின் இண்டு இடுக்குகளில் பொன்னால் செய்த ஆட்டுச் சிலைகள் மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தேடிச் சேர்க்கச் சேர்க்க, பில்கோருக்குப் பதிலாக வேறு ஆடுகளாக விளையாடும் உரிமை கிடைக்கிறது. 'உயரமான ஆடு' ஓர் ஒட்டகச்சிவிங்கி. 'இறகு ஆடு' என்பது நெருப்புக்கோழி. 'நாகரிக ஆடு' ஒரு பெங்குவின். 'மாபெரும் ஆடு' என்று பெயரிட்டு ஒரு திமிங்கலத்தைக் கொடுக்கிறார்கள். அது கோட்வில் தெருக்களில் தரையோடு தரையாக நகர்ந்து போகிறது. எங்கும் ஒரு கண்சிமிட்டல் கிடையாது. இது ஆடு இல்லையே என்று கேம் எந்த இடத்திலும் ஒப்புக்கொள்வதில்லை. அந்தத் திமிங்கலமும் மே என்று கத்தும் கடமையுள்ள ஓர் ஆடாகவே அங்கே நடத்தப்படுகிறது. நகைச்சுவையில் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு கடினமானது என்று தெரியும். தான் சொன்னது சிரிப்பு என்று காட்டிக்கொடுக்கும் ஒரு சிறு புன்னகை போதும், எல்லாம் குலைந்துவிடும்.

கோட்வில் மிகச் சிறிய ஊர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட அதிக நேரம் ஆகாது. சில வீடுகள், ஒரு சாலை, ஒரு பெட்ரோல் பங்க், கட்டுமானம் நடக்கும் இடத்தில் ஒரு கிரேன், தோட்டத்தில் கறி சுட்டுக்கொண்டிருக்கும் ஒரு விருந்துக் கூட்டம், ஈர்ப்புவிசையைக் குறைத்துச் சோதனை செய்யும் ஓர் ஆய்வுக்கூடம், ஆடுகள் மட்டுமே குடியிருக்கும் ஓர் உயரமான கோபுரம், வயலில் ஒரு மர்ம வட்டம், காட்டுக்குள் மந்திரச் சடங்குக்கான ஓர் ஐந்துமுனை நட்சத்திரம். காஃபி ஸ்டெயின் அலுவலகத்தையும் ஊருக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய் அந்தக் கேமைச் செய்துகொண்டிருக்கிறவர்களையே முட்டலாம். சாதாரணமாக வாழும் மனிதர்களின் சாதாரண ஊருக்குள், அடுத்தடுத்த தெருக்களில், இவையெல்லாம் அடுக்கப்பட்டிருக்கின்றன. விருந்திலிருந்து கொஞ்சம் நடந்தால் அந்த நட்சத்திரம் வரைந்த சடங்கு வட்டம். விருந்துக்கு வந்தவரை நாக்கால் இழுத்துக்கொண்டு போய் அந்த வட்டத்தில் போட்டால் என்ன ஆகும் என்ற எண்ணம், இரண்டு இடங்களும் இவ்வளவு அருகில் இருப்பதால்தான் தோன்றுகிறது. தூரம் அதிகமாக இருந்திருந்தால் அந்த எண்ணம் வழியிலேயே ஆறிப்போயிருக்கும்.

பெரிய திறந்தவெளிக் கேம்களை நான் விரும்பி விளையாடுகிறவன்தான். ஆயினும் அவற்றில் சில ஆண்டுகளாக ஒரு சோர்வு எனக்கு ஏற்பட்டுவருகிறது. வரைபடத்தைத் திறந்தால் நூற்றுக்கணக்கான குறிகள். ஒவ்வொரு குறிக்கும் ஒரு வேலை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சதவீதம். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லிவிட்டு, போக வேண்டிய இடத்தின் பட்டியலையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பகலெல்லாம் பட்டியல்களோடு போராடிவிட்டு வீடு திரும்புகிறவருக்கு, விடுதலை என்ற பெயரில் இன்னொரு பட்டியல் கிடைக்கிறது. கோட்வில்லிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. இவ்வளவு உயரம் ஏறு, ஒரு குட்டிக்கரணம் போடு, இத்தனை நொடி அந்தரத்தில் இரு என்று அது சொல்லும். ஆனால் அது செய்ய வேண்டிய கடமையாகத் தோன்றுவதே இல்லை. கட்டளைகளைப் படிக்க முடியாத ஓர் ஆட்டுக்கு அவற்றைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதே முதல் காரணம். பட்டியலில் எதையும் செய்யாமல் போனாலும் ஊரின் எந்தக் கதவும் நமக்கு அடைபடாது என்பது அடுத்த காரணம்.

சென்ற பொங்கல் விடுமுறையில் அக்கா மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். திரையை இரண்டாகப் பிரித்து இருவர் சேர்ந்து விளையாடும் வசதி, கேம் வெளிவந்து சில மாதங்களில், கோட் சிட்டி பே என்ற இரண்டாவது வரைபடத்தோடு சேர்ந்து வந்தது. ஆளுக்கொரு ஆட்டை எடுத்துக்கொண்டு கோட்வில்லில் இறங்கினோம். அவன் கேட்ட முதல் கேள்வி, "இதுல எப்படி மாமா ஜெயிக்கிறது?"

"ஜெயிக்கிறதுன்னு ஒண்ணும் இல்லடா. ஏதாவது பண்ணு, என்ன ஆகுதுன்னு பாப்போம்."

அவனுக்கு அது திருப்தியாக இல்லை. சிறிது நேரம் முறைத்துக்கொண்டே வேலிகளை முட்டினான். பிறகு விருந்துத் தோட்டத்தில் ஒருவரை நக்கி இழுத்துக்கொண்டு போனவன், தற்செயலாக ஒரு மேட்டில் ஏறினான். அங்கே நின்று கீழே பார்த்தான். அதன் பிறகு அவன் முகமே மாறிவிட்டது. விருந்துக்கு வந்த எல்லோரையும் அந்த மேட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று தனக்குத்தானே முடிவு செய்துகொண்டான். ஒருவரை இழுத்து வருவதற்குள் முன்பு கொண்டுவந்தவர் எழுந்து, தன் பாட்டுக்கு நடந்து கீழே இறங்கிவிடுவார். "மாமா, நீங்க அவர மறிச்சு நில்லுங்க, நான் இன்னொருத்தர கூட்டிட்டு வர்றேன்" என்று எனக்குக் காவல் வேலை கொடுத்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே அந்த வேலையைச் செய்தோம். கேம் அதற்காக ஒரு மதிப்பெண்ணும் கொடுக்கவில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதே அதற்குத் தெரியாது. பொருளற்ற ஓர் இலக்கைத் தானாகவே தேர்ந்துகொண்டு, முழு மனதோடு அதற்காக உழைப்பதில் உள்ள இன்பத்தை அன்று அவன் முகத்தில் பார்த்தேன். தயாரிப்பாளர்கள் எழுதி வைத்த எந்த வேடிக்கையும் அதற்கு ஈடாகாது.

பின்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவும் அவ்வப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பிறந்த வீட்டில் ஆடு வளர்த்தவர்கள். பில்கோர் கிரேன் மேல் ஏறி நின்றதைப் பார்த்தவர், "வெள்ளாடுன்னா அப்படித்தான்டா. கூரையில வைக்கோல் கெடந்தா கூரையில ஏறும், கெணத்து மேட்டுல தழை இருந்தா அங்க போய் நிக்கும். வேலி எதுக்குப் போட்டிருக்குன்னு அதுக்குத் தெரியவே தெரியாது" என்றார். நாக்கு நீண்டு ஒட்டிக்கொள்வதையும், வெடித்த பிறகு எழுந்து நடப்பதையும் அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டின் குணம் சரியாக இருக்கிறது, மீதியெல்லாம் அப்புறம் என்பது அவர் தீர்ப்பு. எனக்கு அது பெரிய திறப்பாக இருந்தது. எந்த விலங்கை வைத்தும் இப்படி ஒரு கேம் செய்துவிட முடியாது. முட்டுவது, ஏறக் கூடாத இடத்தில் ஏறுவது, தின்னக் கூடாததை வாயில் வைப்பது, மனிதர் போட்ட எல்லையைப் பொருட்படுத்தாமல் போவது என ஆட்டின் உண்மையான இயல்பிலேயே ஊர் ஒழுங்குக்கு எதிரான ஏதோ ஒன்று இருக்கிறது. அந்த உண்மையை ஒரு முனையில் இறுகக் கட்டிவைத்த பிறகுதான், அபத்தத்தை மறுமுனையில் இவ்வளவு தூரம் இழுக்க முடிந்திருக்கிறது.

சாவு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும், எத்தனை வண்டிகள் ஏறினாலும், ஆடு எழுந்து நிற்கும். முட்டப்பட்ட மனிதர்களும் அப்படியே. மடங்கி விழுவார்கள், பதறி ஓடுவார்கள், கொஞ்ச நேரத்தில் எழுந்து விட்ட இடத்திலிருந்து தங்கள் வாழ்க்கையைத் தொடர்வார்கள். ரத்தம் கிடையாது, வலி கிடையாது, பகை கிடையாது. போலீஸ் துரத்தி வந்து கேமை முடிப்பதும் கிடையாது. எத்தனை குழப்பம் செய்தாலும் அந்த ஊர் ஆட்டை மன்னித்துவிடுகிறது; மன்னித்தோம் என்று காட்டிக்கொள்ளக்கூட அதற்குத் தோன்றுவதில்லை. ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து கூச்சமில்லாமல் இதை விளையாட முடிந்ததற்கு அதுவே காரணம். விளைவு என்ற ஒன்றை எடுத்துவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்று கேம் வடிவமைப்பில் பொதுவாகச் சொல்வார்கள். இங்கே விளைவு எங்கும் போகவில்லை. ஒவ்வொரு முட்டலுக்கும் கண்ணெதிரே பெரிய விளைவு உண்டு. தண்டனை மட்டும்தான் போயிருக்கிறது.

வெளிவந்த காலத்தில் விமர்சகர்களின் கருத்து கலவையாகவே இருந்தது. ஒரே நகைச்சுவையைச் சில மணி நேரம் நீட்டியிருக்கிறார்கள், அதற்கு மேல் சரக்கு இல்லை என்பது பலரும் சொன்ன குறை. சில மணி நேரத்தில் எல்லா மூலைகளையும் பார்த்துவிடலாம் என்பது உண்மைதான். எனக்கு அது குறையாகப் படவில்லை. முழுக்கத் தெரிந்த ஓர் இடத்தில்தான் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் துணிச்சல் வருகிறது. எங்கே பங்க், எங்கே கிரேன், எங்கே ஊதித் தள்ளும் விசிறி என்பதெல்லாம் மனத்தில் பதிந்த பிறகு, அவற்றை ஒன்றோடொன்று கோத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அந்தக் கட்டத்துக்கு முன்பே கேமை மூடி வைத்துவிட்டவர்கள் அதன் அளவைச் சரியாகச் சொன்னார்கள். அதன் சுவையைத்தான் தவறவிட்டார்கள்.

இதோடு ஒப்பிட வேண்டிய கேம் ஒன்று 2019 செப்டம்பரில் வந்தது. மெல்போர்னில் ஹவுஸ் ஹவுஸ் என்ற நான்கு பேர் குழு செய்த அன்டைட்டில்டு கூஸ் கேம். ஆங்கிலேயக் கிராமம் ஒன்றில் ஒரு வாத்து செய்யும் அட்டூழியங்கள்தான் அதன் பொருள். தோட்டக்காரரின் சாவியைத் திருடுவது, கண்ணாடி போட்ட சிறுவனைத் தொலைபேசிக் கூண்டுக்குள் துரத்தி அடைப்பது என அங்கே ஒவ்வொரு குறும்பும் திட்டமிட்டுச் செய்ய வேண்டியது. வாத்து நெருங்கும்போது பிரெஞ்சு இசையமைப்பாளர் துபுஸியின் பியானோ இசை துண்டு துண்டாக எழுந்து வரும்; வாத்து ஒதுங்கினால் இசையும் அடங்கும். வேலைப்பாட்டில் ஆட்டுக் கேமைவிட அது பல மடங்கு நேர்த்தியானது. 2020இல் பெரிய விருதுகளையும் பெற்றது. அதன் சிரிப்பு மனிதர்களின் முகத்திலிருந்து வருகிறது. அவர்கள் சந்தேகப்படுகிறார்கள், எரிச்சலடைகிறார்கள், தொலைத்ததைத் தேடுகிறார்கள். வாத்துக்கு என்ன வேண்டும் என்று அதற்குத் தெரியும், நமக்கும் தெரியும். அது குறும்பு. ஆட்டுக்கு எதுவுமே வேண்டாம். ஊராருக்கும் ஆட்டைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் இல்லை. காரணம் என்ற ஒன்றே இல்லாத அந்த வெளியில் நிகழ்வதைத்தான் அபத்தம் என்கிறேன். இரண்டையும் நேசிக்கிறேன் என்றாலும், வாத்தை நான் ஒருமுறை முழுமையாக விளையாடி முடித்துவிட்டேன். ஆட்டை முடிப்பது என்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

ஆட்டின் முதன்மை வடிவமைப்பாளரான ஆர்மின் இப்ரிஷாகிச் பின்னாளில் அந்த ஊருக்கு ஒரு விளக்கம் சொன்னார். கோட்வில் என்பது, இறந்தவர்களின் ஆன்மா பாவக்கறை தீரும்வரை காத்திருக்கும் இடமாகக் கத்தோலிக்கர்கள் நம்பும் உத்தரிக்கும் ஸ்தலம், இறந்துபோன ஒரு மனிதன்தான் அங்கே ஆடாகத் திரிகிறான் என்பது அதன் சாரம். சடங்கு வட்டத்தையும் வானத்துக்குத் தூக்கிப்போகும் இடங்களையும் வைத்துப் பார்த்தால் அது பொருந்தவும் செய்கிறது. அந்த வாசிப்பை மதிக்கிறேன், ஆனால் விளையாடும்போது அதை நினைத்துக்கொள்வதில்லை. பொருள் தெரிந்துவிட்டால், ஊரும் அடைய வேண்டிய ஓர் இலக்காக மாறிவிடுகிறது.

அதே 2014 நவம்பரில் இலவசமாக வந்த விரிவாக்கம், ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் சேர்ந்து விளையாடும் வகைக் கேம்களைக் குறிவைத்தது. அதில் இணையம் கிடையாது. சக விளையாட்டுக்காரர்கள் போலத் தோன்றுகிறவர்களும் அவர்கள் ஓயாமல் போடும் அரட்டையும் எல்லாமே போலி. போர்வீரர், மந்திரவாதி என்று அந்த வகைக் கேம்களில் பிரிவுகள் இருக்கும் அல்லவா, இங்கே அந்தப் பிரிவுகளில் ஒன்றாக மைக்ரோவேவ் அடுப்பைச் சேர்த்தார்கள். உச்ச நிலை 101. மற்றவர்களின் 100ஐ விட ஒன்று கூடுதல். எழுதப்பட்ட நகைச்சுவை என்ற அளவில் இது மிக நல்லது. ஆனால் அங்கே நான் சிரித்தது பெரும்பாலும் படித்துச் சிரித்தது. கோட்வில்லில் சிரித்தது செய்து சிரித்தது.

2022 நவம்பரில் வந்த தொடர்ச்சியிலும் இதே வேறுபாட்டைக் காண்கிறேன். இரண்டைத் தாண்டிக் குதித்து அதற்கு நேரே மூன்றாம் எண்ணைக் கொடுத்தார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்தது. சான் அங்கோரா என்ற பெரிய தீவு, நான்கு பேர் சேர்ந்து விளையாடும் வசதி, ஏறி நின்று வரைபடத்தைத் திறக்கும் கோபுரங்கள், ஏராளமான சிறு பணிகள், புகழ்பெற்ற கேம்களைப் பகடி செய்யும் காட்சிகள் என்று எல்லாம் கூடுதலாக இருக்கின்றன. நண்பர்களோடு விளையாட அதைவிட நல்லது இல்லை. இருந்தாலும், தீவு பெரிதாகிவிட்டதால் ஒரு வேடிக்கையிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தப் பயணத்தைக் குறிகள் வழிநடத்துகின்றன. நான் தப்பி வந்த பட்டியல் அங்கே என்னை மறுபடி கண்டுபிடித்துவிடுகிறது. பகடிக்காகவே அந்தப் பட்டியலை வைத்திருக்கிறார்கள் என்பது புரிந்தாலும், அதை ஒன்றுவிடாமல் முடிக்கும் என் கை நிற்பதில்லை. ஆடும் அங்கே கொஞ்சம் தேறிவிட்டது. கால் நன்றாக ஊன்றுகிறது, கழுத்து முன்புபோல் அவ்வளவாக இழுபடுவதில்லை.

முதல் கேமையே மெருகேற்றி 2024 நவம்பரில் மீண்டும் வெளியிட்டார்கள். ஒரு பழைய கேமை மெருகேற்றுகிறவர்கள் வழக்கமாக முதலில் செய்வது அதன் கோணல்களை நிமிர்த்துவதுதான். இந்தக் கேமில் கோணலே சொத்து. வெளிச்சம் கூடலாம், புல் பச்சையாகலாம், தெருவில் நிழல் விழலாம். லாரியில் அடிபட்ட ஆட்டின் கழுத்து சரியாக எவ்வளவு நீள வேண்டும் என்ற கணக்கை மட்டும் தொடக் கூடாது. 2014இல் சில வாரங்களில் தற்செயலாக அமைந்த அந்த அளவு, யாராலும் வரைந்து எடுக்க முடியாத அளவு. வாங்க நினைப்பவர்கள் பழையதையோ புதியதையோ எதை வேண்டுமானாலும் வாங்கலாம். வழிகாட்டி எதையும் படிக்காமல், சாதனைப் பட்டியலையும் திறக்காமல், பட்டியிலிருந்து வெளியே வந்ததும் கண்ணில் படும் முதல் பொருளை நக்கி இழுத்துக்கொண்டு ஊருக்குள் போகும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.